‘போனேல்லை’ என்று யாரும் சொல்வதில்லை: தரம் 10 வகுப்பொன்றின் ஆங்கில எழுத்துப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் உள்ள ஒரு கலவன் பாடசாலையின் தரம் 10 வகுப்பு இது. 32 பிள்ளைகள். அரைவாசிக்கு மேற்பட்டவர்களின் வீட்டில் தோட்டம்தான் சீவனம். மற்றவர்கள் மேசன் வேலை, கடை, அரச உத்தியோகம் என்று பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலத்துக்கு வாரத்தில் ஐந்து பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். அரசு இலவசமாகத் தரும் பாடநூலும் பயிற்சிநூலும் எல்லோரிடமும் இருந்தன. ஏறக்குறைய எல்லோரும் பின்னேரத்தில் ரியூசனுக்கும் போனார்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டாவதுக்கு இரண்டு. பிள்ளை தன் சொந்தச் சொல்லில் எழுத வேண்டிய முக்கியமான இடங்கள் மூன்று: 40 முதல் 50 சொல்லில் ஒரு சிறு குறிப்பு, 100 சொல்லளவில் கடிதம் அல்லது வரைபடத்துக்கு விளக்கம், கடைசியில் 200 சொல்லளவில் கட்டுரையோ கதையோ உரையாடலோ. 35 புள்ளி எடுத்தால் ‘எஸ்’, அதாவது சாதாரண சித்தி. வாசிப்பு, இடைவெளி நிரப்பல், பொருத்துதல் ஆகியவற்றைக் கொண்டே அந்த 35ஐ எட்டிப் பிடித்துவிடலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். உயர்தரத்துக்குப் போக முதன்மொழியும் கணிதமும் கட்டாயம், ஆங்கிலம் அப்படியல்ல. ஆகவே எழுத்துப் பகுதியை வெறுமையாக விடுவதோ, பாடமாக்கியதைக் கொட்டிவிட்டு வருவதோ ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

முதலாம் தவணைப் பரீட்சையின் கட்டுரைக் கேள்வி, ‘உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் இடத்தைப் பற்றி எழுதுக’ என்பது. 32 விடைத்தாள்களில் 19 ஒரே வசனத்தோடு தொடங்கின. அந்த 19 பேரும் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குச் சுற்றுலா போய் வந்த கதையை எழுதியிருந்தார்கள். சுன்னாகத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளை, கசூரினா தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாக முதல் வசனத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, மிகுதியை அப்படியே எழுதியிருந்தாள். ரியூட்டில், அதாவது ரியூசனில் கொடுக்கிற தாளில், வந்த கட்டுரை அது. பரீட்சைக்கு வரக்கூடும் என்று பாடமாக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆசிரியை இந்த விடைத்தாள்களைப் பகுதித் தலைவரிடம் கொண்டுபோனார். அதிபரின் அனுமதியோடு வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அடுத்த இரண்டு தவணையிலும் அவர்கள் மூவரும் செய்தவையே இங்கே பதிவாகின்றன.

அவதானித்தவை

முதல் இரண்டு வாரமும் எதையும் மாற்றவில்லை. 32 கொப்பிகளையும் வாங்கி, முந்திய தவணையில் எழுதிய கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது சிவப்பு மை. 110 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் 27 திருத்தங்கள். ஒரு கட்டுரையைத் திருத்த ஆசிரியைக்குக் குறைந்தது 8 நிமிடம் போகிறது. 32 பேருக்கு 256 நிமிடம், அதாவது நாலு மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு கிழமைக்கு ஒருக்கால், இரவு வீட்டில் இருந்து செய்கிற வேலை. இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் அதே பிள்ளையிடம் திரும்பி வந்திருந்தன. ஆறு பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டு, திருத்திய இடம் ஒன்றைக் காட்டி ஏன் திருத்தப்பட்டது என்று கேட்டபோது ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கொப்பியை வாங்கியதும் புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். 27 சிவப்புக் கோடுகளில் எதை முதலில் படிப்பது என்று எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்?

அடுத்தது பிழைகளின் தன்மை. அவை கண்டபடி வந்தவை அல்ல. தமிழில் சிந்திக்கும் மூளை ஆங்கிலத்தில் எங்கே கால் தடுக்குமோ சரியாக அங்கேதான் தடுக்கியிருந்தது.

‘ஐ ஆம் கோ ரு ஸ்கூல்’ என்பது 32இல் 21 கொப்பிகளில் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. இதன் வேர் தரம் 3 வரை போகிறது. பிள்ளை முதன்முதல் பாடமாக்குவது தன்னை அறிமுகப்படுத்தும் வசனங்களை: ‘ஐ ஆம் இன்னார்’, ‘ஐ ஆம் எட்டு வயது’. ‘ஐ’ தனியாகவும் ‘ஆம்’ தனியாகவும் அவன் காதில் விழுவதில்லை. ‘ஐயாம்’ என்ற ஒரே சொல்லாக விழுகிறது, அதற்குப் பொருள் ‘நான்’ என்று பதிந்துவிடுகிறது. ‘நான் போகிறேன்’ என்று எழுத வரும்போது ‘ஐயாம்’ போட்டுப் பிறகு ‘கோ’ போடுகிறான். அவனளவில் அதில் பிழையே இல்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் இருந்தது. ‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் முழு வசனம், வினை வேண்டியதில்லை. அதனால் ‘ஹீ ரீச்சர்’ என்று எழுதிவிட்டு நிற்கிறார்கள். வினை வேண்டாத இடத்தில் ‘ஆம்’ ஒட்டிக்கொள்கிறது, வேண்டிய இடத்தில் ‘இஸ்’ இல்லாமல் போகிறது.

மூன்றாவது ‘இருக்கு’. ‘இன் மை வில்லேஜ் ஹாவ் ஏ ரெம்பிள்’ என்று எழுதுகிற பிள்ளை, ‘எங்கட ஊரில ஒரு கோயில் இருக்கு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறாள். தமிழில் உடைமைக்கும் இருப்புக்கும் நிலைமைக்கும் ஒரு ‘இருக்கு’ போதும். ஆங்கிலம் அதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது.

கடைசியாக வாய்ப்பேச்சு. தோட்டக்காரக் குடும்பத்துப் பையன் ஒருவனிடம் வெங்காயம் நடுகிற விதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னபோது ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். விதை வெங்காயம் தெரிவது, செம்மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டுவது, இறைப்பு முறை, மழை விட்டுக் கொடுக்காவிட்டால் அடி அழுகுவது எல்லாம் வந்தது. அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது மூன்று வசனம்: ‘மை ஃபாதர் இஸ் ஃபார்மர். ஹீ இஸ் ஒனியன் பிளான்ற். இற் இஸ் வெரி ஹாட் வேர்க்.’ பேனையை வைத்துவிட்டான். இந்தப் பிள்ளையிடம் விசயத்துக்குப் பஞ்சம் இல்லை. கசூரினாக் கட்டுரையைக் கொடுத்து நாங்கள்தான் அவன் வாயை அடைத்திருக்கிறோம் என்று ஆலோசகர் தன் குறிப்பில் எழுதினார். இந்த ஆய்வில் அதைவிட முக்கியமான குறிப்பு வேறில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த இரண்டு வாரமும் முடிந்ததும் மூவரும் இருந்து பேசினார்கள். எல்லாவற்றிலும் உடன்பாடு வரவில்லை.

வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும் என்பது ஆலோசகரின் முதல் யோசனை. ஆசிரியை அதை ஏற்கவில்லை. 32 பேரில் ஐந்தாறு பேர்தான் பதில் சொல்வார்கள், மிகுதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். எழுதுமுன் தமிழில் பேசலாம், எழுதுவது ஆங்கிலத்தில் என்று முடிவானது. அது சரியான முடிவு. ஒரு மொழியின் இலக்கணம் தெரிந்தவருக்கு அடுத்த மொழியின் வாசல் பாதி திறந்திருக்கும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் தமிழும் அக்கம்பக்கமாகவே படிப்பிக்கப்பட்டன. அங்கே படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளைதான் பிறகு தொல்காப்பிய ஏடுகளைத் தேடி அச்சேற்றியவர். தமிழை வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் படிப்பிக்கிற வழக்கம் இந்த மண்ணின் பழைய வழக்கம் அல்ல.

வாரத்தில் மூன்று பாடவேளைகளில் முதல் 10 நிமிடம் எழுத்து என்று வைத்தார்கள். எழுதுவது ஐந்து வசனம் மட்டும். 200 சொல் எழுதச் சொன்னால் பிள்ளை பாடமாக்கியதைத் தேடும். ஐந்து வசனத்துக்கு அந்தத் தேவை இல்லை, தன்னுடையதே போதும். தலைப்புகள் அன்றாடத்தில் இருந்து எடுக்கப்பட்டன: இன்று காலை வீட்டில் யார் முதலில் எழும்பினார், பஸ் வராத நாள், திருநெல்வேலிச் சந்தையில் அம்மா விலை பேசியது, நல்லூர்த் திருவிழாவில் தொலைத்த செருப்பு. வீட்டுவேலையாக எழுத விடவில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

அந்த 10 நிமிடமும் இப்படிப் பிரிந்தது: பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் சொல்ல 2 நிமிடம், எழுத 6 நிமிடம், எழுதியதை மெல்லிய குரலில் வாசித்துப் பார்க்க 2 நிமிடம். இந்தக் கடைசி 2 நிமிடத்தை எந்த நாளும் விடவில்லை. கண்ணுக்குத் தப்புகிற பிழை காதுக்குத் தப்புவதில்லை.

80 பக்கக் கொப்பி ஒன்று இதற்கென்றே தனியாக வைக்கப்பட்டது. இடப்பக்கம் முதல் எழுத்து, வலப்பக்கம் திருத்தி எழுதுவது. முதல் மூன்று வாரத்துக்கு இடப்பக்கத்தில் அடிமட்டத்தால் ஐந்து நிரல் கீறினார்கள்: யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது. தமிழில் ‘நேற்றுச் சந்தையில அம்மா மீன் வாங்கினா’ என்று வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிட வேண்டும். இரண்டாம் நிரல் வெறுமையாக இருந்தால் வசனம் இல்லை என்பது ஒரே சட்டம். ‘ஹீ ரீச்சர்’ என்று எழுதிய பிள்ளைக்கு இரண்டாம் நிரல் காலியாக இருப்பது தன் கண்ணாலேயே தெரியும்.

திருத்தும் முறை முழுதாக மாறியது. இரண்டு வாரத்துக்கு ஒரு பிழை மட்டும். ஒழுங்கு இதுதான்: வினை உண்டா, சரியான இடத்தில் உண்டா, இறந்தகாலமும் அதன் எதிர்மறையும், ‘இருக்கு’, ‘ஏ’, ‘த’, வசனங்களை இணைத்தல். அந்தக் கிழமைக்குரிய பிழை ஒரு வரியில் இருந்தால் இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, இரண்டு இருந்தால் இரண்டு புள்ளி. எங்கே என்று காட்டுவதில்லை. பிள்ளையே தேடி வலப்பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும். பொருளே விளங்காத இடத்துக்கு மட்டும் அலைக்கோடு. மற்றப் பிழைகளைத் தொடவில்லை. நாளுக்கு 8 கொப்பி வீதம் நாலு நாளில் 32ம் முடியும். ஒரு கொப்பிக்கு 3 நிமிடம், நாளுக்கு 24 நிமிடம். இரவு வேலை இல்லை, இடைவேளையிலோ ஓய்வுப் பாடவேளையிலோ முடிந்துவிடும்.

பாடமாக்கிய கட்டுரைகளைத் தடைசெய்யவில்லை. தடைசெய்தால் பிள்ளை ஒளித்துவைத்துப் பாடமாக்கும். கசூரினாக் கட்டுரையை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதில் ஐந்து விசயத்தை மாற்றச் சொன்னார்கள்: இடம், கூட வந்தவர்கள், போன வாகனம், சாப்பிட்டது, பிழைத்துப்போன ஒரு காரியம். ‘வீ என்ஜோய்ட் வெரி மச்’ என்ற கடைசி வசனத்தை வெட்டிவிட்டு, கண்ணால் கண்ட ஒன்றை அங்கே எழுதச் சொன்னார்கள்.

நடந்தவை: இரண்டாம் தவணை

புதிய முறையின் முதல் இரண்டு வாரமும் நன்றாகப் போகவில்லை. ஐந்து வசனம்தானே என்று நினைத்ததற்கு மாறாக, பலர் இரண்டு வசனத்தோடு நின்றார்கள். சிலர் முன்வாங்குப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினார்கள். பிழை வருமே என்ற பயம் அது. முதல் இரண்டு வாரத்துக்குப் புள்ளி கணக்கிடுவதில்லை என்று அறிவித்த பிறகுதான் கை அசையத் தொடங்கியது.

ஒரு நாள் பாடம் முடியாமல் போனதால் எழுத்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த நாள் வந்த கொப்பிகளில் ஏழு, பிழையே இல்லாதவை. கைப்பேசியில் தமிழைப் போட்டு ஆங்கிலமாக்கி எழுதியிருந்தார்கள். தான் எழுதிய சொல் ஒன்றின் பொருளை எழுவரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு எழுத்து கொடுப்பதில்லை என்ற பழைய முடிவுக்கே திரும்பினார்கள்.

நாலாம் வாரம், எதிர்மறை இறந்தகாலம். ‘ஐ டிட் நொற் வென்ற்’ என்பது வகுப்பு முழுக்கப் பரவியிருந்த பிழை. விதியைக் கரும்பலகையில் எழுதிப் பல தடவை சொல்லியும் பலனில்லை. அன்று ஆசிரியை வேறு விதமாகத் தொடங்கினார்.

“நேற்று நீர் கோயிலுக்குப் போனீரோ?”

“இல்லை மிஸ், போகேல்லை.”

“நேற்று நடந்ததுதானே. ஏன் ‘போனேல்லை’ எண்டு சொல்லேல்லை?”

வகுப்பு சிரித்தது. ‘போனேல்லை’ என்று யாராவது சொல்வார்களா? ஆசிரியை கரும்பலகையில் ‘போனேன்’ என்று எழுதி, அதன் கீழே ‘போக + இல்லை’ என்று எழுதினார். ‘போனேன்’ காலத்தைக் காட்டுகிறது. ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் ‘போன’ தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. அதற்கு நேரே ‘வென்ற்’ என்றும், கீழே ‘டிட் நொற் + கோ’ என்றும் எழுதினார். காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டது, ‘வென்ற்’ வெறும் ‘கோ’ ஆனது. “‘டிட் நொற் வென்ற்’ எண்டு எழுதினால் ‘போனேல்லை’ எண்டு எழுதின மாதிரி” என்றார். பிறகு சாப்பிட்டேன் – சாப்பிடேல்லை, கண்டேன் – காணேல்லை, வாங்கினேன் – வாங்கேல்லை என்று பத்துச் சோடிகளைப் பிள்ளைகளே சொன்னார்கள். அடுத்த மூன்று எழுத்துப் பயிற்சிகளில் இந்தப் பிழை மூன்று கொப்பிகளில் மட்டுமே வந்தது. அதற்குப் பிறகு யாராவது எழுதினால் பக்கத்துப் பிள்ளை ‘போனேல்லை’ என்று மெல்லச் சொல்லும், எழுதியவர் அழித்துவிடுவார்.

‘இருக்கு’ இதைவிடக் கடினம், ஆனால் பலன் கூடியது. ஒரு அட்டையில் மூன்று வசனம் எழுதித் தொங்கவிட்டார்கள். ‘என்னட்டப் பேனை இருக்கு’ என்பதற்கு ‘ஐ ஹாவ் ஏ பென்’. ‘மேசையில பேனை இருக்கு’ என்பதற்கு ‘தெயார் இஸ் ஏ பென் ஒன் த ரேபிள்’. ‘பேனை மேசையில இருக்கு’ என்பதற்கு ‘த பென் இஸ் ஒன் த ரேபிள்’. இரண்டாவதையும் மூன்றாவதையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி, அடுத்த இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டிருந்த பாடத்தையே மாற்றியது: “மிஸ், மூண்டாவதில பேனை எதெண்டு எங்களுக்கு முதலே தெரியும், இல்லையா?” அவள் சொன்னது சரி. ‘பேனை மேசையில இருக்கு’ என்பது, பேனை எங்கே என்று கேட்டவருக்குச் சொல்லும் பதில். ‘மேசையில பேனை இருக்கு’ என்பது புதிதாக ஒன்றைச் சொல்வது. தமிழ் சொல்லொழுங்கால் காட்டுவதை ஆங்கிலம் ‘ஏ’, ‘த’ கொண்டு காட்டுகிறது. ‘த’ எப்போது வரும் என்பதற்குப் புத்தகத்தில் உள்ள நீண்ட பட்டியலை விட்டுவிட்டு, ‘எதெண்டு கேட்பவருக்கு முதலே தெரியுமா?’ என்ற ஒரு கேள்வியோடு அந்த இரண்டு வாரமும் போனது. இந்தக் கேள்வி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் ‘ஒரு’ வருகிற இடமெல்லாம் ‘வன்’ போட்டு ‘வன் டோக்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

பிழைத்துப்போனவையும் உண்டு. ஐந்து நிரல் மூன்று வாரத்துக்குத்தான் என்று முடிவெடுத்திருந்தும், பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கிறது என்று ஆறு வாரம் விட்டுவிட்டார்கள். விளைவாக எல்லா வசனமும் ‘ஐ’, ‘ஐ’, ‘ஐ’ என்று தொடங்கி, வரிசைக்கு நிற்கிற தூண்கள் மாதிரி ஆகின. ஏழாம் வாரம் நிரலை எடுத்துவிட்டு, ஐந்தில் இரண்டு வசனம் காலத்தோடோ இடத்தோடோ தொடங்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

பிள்ளைகள் ஒருவர் கொப்பியை ஒருவர் திருத்துவதும் சரிவரவில்லை. சரியாக எழுதிய ‘சில்ட்ரன்’ என்பதை நண்பன் ‘சில்ட்ரன்ஸ்’ ஆக்கினான், எழுதியவனும் நம்பிவிட்டான். திருத்தும் உரிமையை எடுத்துவிட்டு, ‘எனக்கு விளங்காத வசனம் எது?’ என்று மட்டும் கேட்கலாம் என்று குறுக்கினார்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லாதது பெரிய தவறு. எட்டாம் வாரப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பிக் கேட்டார்: “ரீச்சர், கொப்பியில சிவப்பையே காணேல்லை. இவ்வளவு பிழையும் கிடக்குது, ஒண்டும் திருத்தாமல் விட்டிருக்கிறியள். பாக்கிறதுக்கு உங்களுக்கு நேரமில்லையோ?” நியாயமான கேள்வி. ஆசிரியை பழைய கொப்பியையும் புதிய கொப்பியையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, “அம்மா, இது போன தவணை நான் திருத்தினது. இது பிள்ளை தானே திருத்தினது. ரெண்டையும் பாத்திட்டு நீங்களே சொல்லுங்கோ” என்றார். அந்தத் தாய் வலப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாப் பெற்றோரும் சமாதானமாகிவிடவில்லை. இருவர் தவணை முடியும்வரை அதிருப்தியோடுதான் இருந்தார்கள்.

விளைவு

இரண்டாம் தவணைப் பரீட்சையில் கட்டுரைகள் குட்டையாகிவிட்டன. முன்பு ஒன்றரைப் பக்கம் நிரப்பியவர்கள் பத்துப் பன்னிரண்டு வசனத்தோடு நின்றார்கள். பாடமாக்கி நல்ல புள்ளி எடுத்துவந்த நாலு பேரின் புள்ளி இறங்கியது. அவர்களில் ஒருவருக்கு ‘ஏ’ போய் ‘பி’ வந்தது. அந்தப் பிள்ளையின் வீட்டில் இதனால் வருத்தம் வந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 32 விடைத்தாளில் எந்த இரண்டும் ஒரே வசனத்தோடு தொடங்கவில்லை. எழுத்துப் பகுதியை வெறுமையாக விட்டவரும் எவருமில்லை. முதலாம் தவணையில் ஒன்பது பேர் விட்டிருந்தார்கள்.

மூன்றாம் தவணையில் நீளம் வந்தது. ஐந்து வசனம் எட்டாகி, எட்டு இரண்டு பந்தியாகியது. 100 சொல் கடிதத்தை 20 நிமிடத்தில் முடிக்கப் பழகினார்கள். புள்ளி இறங்கிய நால்வரில் மூவர் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

வெங்காயத் தோட்டத்துப் பையன் தவணைக் கடைசியில் எழுதிய பந்தி மழை பெய்த கிழமையைப் பற்றியது. இரண்டு வசனம்: ‘த்ரீ டேய்ஸ் ஆஃப்ரர் த ரெயின், தெயார் வாஸ் வோட்டர் பிற்வீன் த பெட்ஸ். மை ஃபாதர் டிட் நொற் கோ ரு த மார்க்கெற், ஹீ ஸ்ரூட் இன் த கார்டின் அண்ட் லுக் அற் த லீவ்ஸ்.’ மழை விட்டு மூன்று நாளாகியும் பாத்திகளுக்கு இடையில் தண்ணீர் நின்றது, அப்பா சந்தைக்குப் போகாமல் தோட்டத்தில் நின்று தாள்களைப் பார்த்தார் என்கிறான். ‘லுக்’ என்பது ‘லுக்ட்’ ஆக இருக்க வேண்டும். ஆசிரியை ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தார், வலப்பக்கத்தில் அவனே திருத்தியிருந்தான்.

நாலு பிள்ளைகளுக்கு இந்த முறை உதவவில்லை. அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதே கடினம். தமிழில் ‘ப’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் அதன் இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து; பன்றிக்கும் பெரியதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை ஒரே மாதிரி எழுதினார்கள். ‘பீ’யும் ‘டீ’யும் சிற்றெழுத்தில் இடம் மாறின. இடைவேளையில் 15 நிமிடம் ஒலிப்பயிற்சியும் சொல்லட்டைகளைக் கொண்டு மூன்று வசனம் அடுக்குவதும் மூன்றாம் தவணையில்தான் தொடங்கின. அது பிந்திப்போன வேலை. நால்வரும் வருடக் கடைசியிலும் 35ஐத் தாண்டவில்லை.

மறுபக்கம், நன்றாக எழுதக்கூடிய ஐந்து பேர் இரண்டாம் தவணையில் ஐந்து வசனத்தோடு சலித்துப்போனார்கள். அவர்களுக்கென வேறு வேலை வைக்க வேண்டும் என்பது ஒன்பதாம் வாரத்தில்தான் தோன்றியது. ஒரே நிகழ்வை அம்மா சொல்வதாக ஒரு தடவை, கடைக்காரர் சொல்வதாக ஒரு தடவை எழுதக் கொடுத்தபோது, அந்த ஐவரும் மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

தரம் 10 இதற்குப் பிந்திய இடம். ‘ஐயாம்’ ஏழு வருடம் ஊறிய பிறகு பிடுங்குவதற்கு ஒரு தவணை போதாது. இதே பாடசாலையில் அடுத்த வருடம் தரம் 7இல் மூன்று வசனத்தோடு தொடங்குவதென்று முடிவாகியிருக்கிறது. அங்கே நிரல் மூன்று வாரத்தோடு நிற்கும்.

தமிழ் ஆசிரியரை முதலிலேயே சேர்க்காதது ஒரு குறை. வினையெச்சப் பாடத்தில் ‘போய், வாங்கி, வந்து, சமைத்தா’ என்று ஒரே வசனத்தில் நாலு செயலைக் கோக்கலாம் என்று தமிழ் வகுப்பில் அவர் படிப்பித்த அதே கிழமை, ஆங்கிலத்தில் அந்த நாலு செயலையும் இணைக்கத் தெரியாமல் பிள்ளைகள் மூன்று ‘அண்ட்’ போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை எடுத்திருந்தால், வசனங்களை இணைக்கும் அந்த இரண்டு வாரம் இவ்வளவு இழுபட்டிருக்காது. பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் அப்படி எடுத்துப் பார்த்தார்கள். ‘போய்’ என்பதைக் கழற்றி ‘ஆஃப்ரர்’ வைக்கலாம் என்பதை அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பெற்றோருக்கு, தவணை தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று விசயம் எழுதி அனுப்பினால் போதும்: சிவப்பு மை ஏன் இல்லை, பென்சில் புள்ளி என்றால் என்ன, வீட்டில் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் வலப்பக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது. ரியூசன் ஆசிரியர்களோடு பேசுவதைப் பாடசாலை வழமையாகச் செய்வதில்லை. ஆனால் பிள்ளை பின்னேரம் இருப்பது அங்கேதான். மூன்றாம் தவணையில் ஒருவரோடு பேசியதில், அவர் தன் ரியூட்டில் முழுக் கட்டுரைக்குப் பதிலாக முதல் பந்தியை மட்டும் கொடுத்து, மிகுதியைப் பிள்ளைகளையே எழுத வைக்க ஒத்துக்கொண்டார்.

எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளைகளை முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்க 20 சொல்லில் ஒரு சொல்வதெழுதல் போதும். ‘பீ’ – ‘டீ’, ‘ப’ ஒலி இரண்டு, ‘க’ ஒலி இரண்டு, குறில் – நெடில் ஆகியவை அந்த 20க்குள் வர வேண்டும். 12க்குக் குறைவாகச் சரியாக எழுதும் பிள்ளையை ஐந்து வசனத்துக்கு அனுப்பக் கூடாது, முதலில் சொல்லட்டை. அந்த நால்வரும் இப்போது தரம் 11. இடைவேளை 15 நிமிடம் வாரத்தில் இரண்டு நாள் தொடர்கிறது. நாலு நாளாகக் கூட்ட வேண்டும் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார், நேரசூசியில் இடம் இன்னும் கிடைக்கவில்லை.